சட்டை எட்டு வயதுக்கு, பாவாடை ஆறு வயதுக்கு

கேள்வி:

என் மகளுக்கு 8 வயது. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் தொடக்கநிலை 2 படிக்கிறாள். 2 வயதில் கால்கள் வளைந்திருப்பதைப் பார்த்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எலும்பு கெட்டிப்படாமல் வளையும் மரபுவழி ரிக்கெட்ஸ், அதிலும் எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் சத்து சிறுநீரில் வீணாகும் எக்ஸ்எல்எச் வகை என்று மரபணுச் சோதனையில் உறுதியானது. என் கணவருக்கும் இதே நோய்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. சிறு வயதில் தஞ்சாவூர்ப் பக்கம் அவருக்கு இரண்டு கால்களிலும் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. சத்துக் குறைவு என்று மட்டுமே அப்போது சொன்னார்களாம். அவர் உயரம் 153 செ.மீ. நாள் முழுதும் நின்று வேலை பார்ப்பவர், முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறார்.

மகளுக்கு நாளுக்கு ஐந்து வேளை பாஸ்பேட் கரைசலும் ஒரு வேளை அல்ஃபாகால்சிடால் என்ற வைட்டமின் டி வகை மருந்தும் ஆறு ஆண்டுகளாகக் கொடுத்துவருகிறோம். காலை வேளை மருந்தை, வாய்க்குப் பிடிக்காத சுவை தெரியாமல் இருக்க பாலில் கரைத்த மைலோ பானத்தில் கலந்து கொடுப்பேன். பள்ளி இடைவேளையில் குடிக்க வேண்டியதைப் பல நாள் அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறாள். வகுப்பில் அவள்தான் குட்டை. உட்கார்ந்தால் தோழிகளோடு ஏறக்குறைய சமமாக இருக்கிறாள், எழுந்து நின்றால் அவர்கள் காதளவுதான் வருகிறாள். தீபாவளிக்குத் தேக்காவில் பாவாடை சட்டை தைக்கக் கொடுத்தபோது தையல்காரர் அளந்துவிட்டு, “சட்டை எட்டு வயதுக்கு, பாவாடை ஆறு வயதுக்கு” என்றார். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து “என் கால் மட்டும் ஏன் வளரவில்லை?” என்று கேட்கிறாள்.

மருந்து வேலை செய்யவில்லையா? கம்பியில் தொங்குவது, நீச்சல், உயரம் கூட்டும் பால்பொடி இவையெல்லாம் உதவுமா? வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா? மகனுக்குச் சின்ன வயதில் பால் வாங்கிக் கொடுக்க முடியாததால்தான் இந்த நோய் வந்தது என்று என் மாமியார் இன்றும் அழுகிறார். இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளவும் பயமாக இருக்கிறது.

சென்ற ஆண்டு உயரம் 111.8, உட்கார்ந்த உயரம் 64.3, இந்த ஆண்டு 117, 66.5 என்று தாதி அட்டையில் எழுதித் தந்திருக்கிறார். இந்த எண்களுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே நான்கு எண்கள், உங்கள் முதல் கேள்விக்கான விடை அவற்றில்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நின்ற உயரத்திலிருந்து உட்கார்ந்த உயரத்தைக் கழித்தால் காலின் நீளம் கிடைக்கும். சென்ற ஆண்டு உங்கள் மகளின் கால் 47.5 செ.மீ. இந்த ஆண்டு 50.5 செ.மீ. ஓராண்டில் கால் 3 செ.மீ. வளர்ந்திருக்கிறது. தலையும் உடற்பகுதியும் சேர்ந்து 2.2 செ.மீ. வளர்ந்திருக்கின்றன. மொத்தம் 5.2 செ.மீ. இந்த வயதில் நோயில்லாத பெண் குழந்தையும் ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வரைதான் வளரும். அதில் பாதிக்கு மேல் கால் வளர்ச்சியாக இருக்கும். உங்கள் மகளிடமும் அப்படியே இருக்கிறது. அவள் கால் வளர்கிறது, அம்மா. மருந்தும் வேலை செய்கிறது.

அப்படியானால் ஏன் தோழிகளின் காதளவே வருகிறாள்? 2 வயதுக்கு முன்பு விட்டுப்போன வளர்ச்சி இன்னும் ஈடாகவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் 8 வயதுச் சிறுமியின் நடு உயரம் சுமார் 127 செ.மீ. அந்த உயரமுள்ள குழந்தை உட்கார்ந்தால் ஏறத்தாழ 69 இருக்கும், மீதி 58 கால். உங்கள் மகளை அதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குறைகிற 10 செ.மீட்டரில் இரண்டரை மேலுடம்பில், ஏழரை காலில். தையல்காரர் நாடாவை வைத்துக் கண்டுபிடித்ததும் இதுதான். அவர் அளந்தது சரி. அதைக் குழந்தையின் காதில் விழும்படி சொன்னதுதான் சரியில்லை.

முன்னே ஓடும் பிள்ளையும் பின்னே ஓடும் பிள்ளையும் ஒரே வேகத்தில் ஓடினால் இடைவெளி குறையாது, கூடவும் செய்யாது. வகுப்புத் தோழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இடைவெளிதான் கண்ணில் படும், வேகம் தெரியாது. இந்த நோயில் நான் முதலில் பார்ப்பது வேகத்தை. உட்கார்ந்த உயரத்தை நின்ற உயரத்தால் வகுத்தால் வரும் விகிதம் சென்ற ஆண்டு 0.575, இந்த ஆண்டு 0.568. வளரும் குழந்தைக்குப் பூப்பு நெருங்கும் வரை இந்த எண் மெல்ல இறங்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு மேலுடம்பு நீளம், கால் குட்டை. பிறகு கால் நீண்டு நீண்டு, 10 வயதையொட்டி இடுப்பெலும்புக்கு மேலும் கீழும் ஏறக்குறைய சமமாகும். எக்ஸ்எல்எச் உள்ள குழந்தைக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் வயது ஏற ஏற விகிதம் இயல்பிலிருந்து விலகிக்கொண்டே போகும். உங்கள் மகளுக்கு அது இறங்குகிறது. ஓராண்டு அளவை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட மாட்டேன், அளப்பதிலேயே அரை செ.மீ. பிழை வரலாம். இருந்தாலும் திசை நல்ல திசை.

கால் மட்டும் ஏன் என்று உங்கள் மகள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு விடையும் உண்டு. எலும்பு நீள்வது அதன் முனைகளில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டுகளில். அவற்றை வளர்தட்டு என்கிறோம். அங்கே செல்கள் அடுக்கடுக்காகப் பெருகி, முதிர்ந்து, மடிந்து, அந்த இடத்தில் எலும்பு உருவாக வேண்டும். முதிர்ந்த செல்கள் உரிய நேரத்தில் மடிவதற்குப் பாஸ்பேட் தேவை. அது குறைந்தால் பழைய செல்கள் இடத்தைக் காலி செய்யாமல் குவிந்துகிடக்கும். தட்டு தடித்து மென்மையாகிவிடும். குழந்தை எழுந்து நடக்கத் தொடங்கியதும் உடலின் எடை அந்த மென்மையான இடத்தை வளைக்கும்.

உடம்பிலேயே மிக வேகமாக வேலை செய்யும் வளர்தட்டுகள் முழங்காலுக்கு மேலும் கீழும் இருப்பவை. காலின் வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அவையே தருகின்றன. எங்கே வேலை அதிகமோ அங்கேதான் பாஸ்பேட் பற்றாக்குறையும் முதலில் தெரியும். முதுகெலும்பு அப்படியல்ல. பல சிறு எலும்புகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வதால் அடி அங்கே பரவி, குறைவாகப் படுகிறது. வளைந்த கால் நின்றபடி அளக்கும்போது தன் உண்மையான நீளத்தைக் காட்டாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளைவு நேரானாலே உயரம் சற்றுக் கூடுகிறது.

எனக்கு அவசரமாகத் தோன்றும் காரியம் ஒன்று உண்டு. காலின் பெரும் வளர்ச்சி பூப்புக்கு முன்பே நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மேலுடம்பின் பங்கு கூடும், கால் முதலில் நின்றுவிடும். உங்கள் மகளுக்கு இருப்பது இன்னும் சில ஆண்டுகள். பள்ளிப் பையிலிருந்து திரும்பி வருகிற அந்த இடைவேளை மருந்து அதனால்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

பாஸ்பேட் கரைசல் இரத்தத்தில் நீண்ட நேரம் தங்காது. குடித்ததும் அளவு ஏறும், சில மணி நேரத்தில் பழையபடி இறங்கிவிடும். நாளுக்கு ஐந்து வேளை என்று பிரித்துக் கொடுப்பதற்குக் காரணம் அதுவே. காலை 6.30 மணிக்குக் குடித்துவிட்டு, இடைவேளையில் விட்டு, பிற்பகல் 2 மணிக்கு வீட்டில் குடித்தால், அவள் ஓடியாடும் நேரமெல்லாம் எலும்புக்கு ஒன்றும் கிடைக்காமல் போகிறது. ஏன் குடிக்காமல் வருகிறாள் என்று கோபமில்லாமல் கேட்டுப் பாருங்கள். என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் சொல்வார்கள். குடித்தால் வயிறு கலக்கும், வகுப்பு நடுவே கழிப்பறைக்குப் போகக் கூச்சம். மற்றொன்று, உணவகத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள். கரைசலை நிறையத் தண்ணீரில் கலந்து, சாதாரணத் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் காலை முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். வயிற்றுக்கும் இதமாக இருக்கும், பார்ப்பவர்களுக்கு அது தண்ணீர்தான். கேட்டதும் கழிப்பறைக்கு அனுப்பும்படி வகுப்பாசிரியருக்கு மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள்.

மைலோவை உடனே நிறுத்த வேண்டும். அதாவது, மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதை. பாலிலுள்ள கால்சியம் குடலிலேயே பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்குள் போக விடாது. ஆறு ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாமல் எழுந்து மருந்து கலந்திருக்கிறீர்கள். அந்த உழைப்பில் ஒரு பங்கு கோப்பையிலேயே வீணாவதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. இதை உங்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். மருந்தை எழுந்ததும் தண்ணீரில் கலந்து கொடுங்கள். மைலோ, பால், தயிர், பாலாடைக்கட்டி எல்லாம் சற்று நேரம் கழித்து வரட்டும். அவற்றை உணவிலிருந்து நீக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை இரத்தச் சோதனைத் தாளைப் பார்க்கும்போது பாஸ்பேட் இன்னும் குறைவு என்று அச்சிட்டிருந்தால் பதறாதீர்கள். இந்தச் சிகிச்சையில் வெறும் வயிற்றுப் பாஸ்பேட் இயல்புக்கு வருவது நோக்கமே அல்ல. அதை விரட்டிப் பிடிக்க மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் பாராதைராய்டு சுரப்பி தூண்டப்படும், சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். நாங்கள் பார்ப்பது அல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதியை. அது வயதுக்குரிய அளவுக்குள் இறங்கி, எக்ஸ்ரேயில் முழங்கால் தட்டுகள் தெளிந்து, கால் அளவு ஏறிவந்தால் சிகிச்சை சரியாகப் போகிறது. சிறுநீரக ஸ்கேனும் சிறுநீரில் கால்சியம் அளவும் அவ்வப்போது எடுக்கப்படுகின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உயரம் கூட்டும் பால்பொடி வேண்டாம். அவற்றில் பலவற்றில் கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்திருப்பார்கள். மற்றப் பிள்ளைகளுக்குப் பெரிதாகக் கெடுதல் இருக்காது. அல்ஃபாகால்சிடால் ஏற்கெனவே குடிக்கும் பிள்ளைக்கு அது சிறுநீரகத்தின் மேல் ஏற்றும் கூடுதல் சுமை. கம்பியில் தொங்கினால் எலும்பு நீளாது. நீச்சல் நல்லது, உயரத்துக்காக அல்ல: மூட்டில் எடை விழாமல் தசை வலுப்படும், அவளுக்கும் பிடிக்கும். காலை வெயிலும் எண்ணெய்க் குளியலும் இருக்கட்டும். வளைந்த காலை நீவி நேராக்குகிறேன் என்று யாரும் அழுத்தம் கொடுக்க மட்டும் விடாதீர்கள்.

வளர்ச்சி ஹார்மோன் பற்றி நான் உற்சாகப்படுத்தப் போவதில்லை. எக்ஸ்எல்எச் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு உயரம் வேகமாகக் கூடுகிறது. வளர்ந்து முடித்த பிறகு நிலையான பெரிய லாபம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லும்படி இல்லை. உங்கள் மகளுக்குக் குறைவது வளர்ச்சி ஹார்மோன் அல்ல, பாஸ்பேட்.

உங்கள் மருத்துவரிடம் பேச வேண்டிய ஊசி வேறொன்று. எக்ஸ்எல்எச்சில் எலும்புச் செல்கள் எஃப்ஜிஎஃப் 23 என்னும் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. அது சிறுநீரகத்திடம் பாஸ்பேட்டை வெளியே விடச் சொல்கிறது, உடம்பு வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதையும் தடுக்கிறது. புரோசுமாப் என்ற மருந்து அந்த ஹார்மோனையே கட்டிப்போடும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 2018இல் அனுமதி பெற்றது. 1 முதல் 12 வயது வரையுள்ள 61 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த ஊசியும் மறு பிரிவுக்கு நீங்கள் கொடுக்கும் வழக்கமான மருந்துகளும் 64 வாரம் கொடுத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஊசி போட்ட பிள்ளைகளின் ரிக்கெட்ஸ் தெளிவாகவே கூடுதலாக ஆறியது, கால் வளைவும் வளர்ச்சியும் முன்னேறின. உயரத்தில் கிடைத்த லாபம் சிறியது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடுவது. தொடங்கினால் பாஸ்பேட் கரைசலையும் அல்ஃபாகால்சிடாலையும் நிறுத்திவிட வேண்டும், இரண்டையும் சேர்த்துத் தரக்கூடாது.

விலை மிக அதிகம். அரிய நோய்களுக்கென்று 2019இல் சிங்கப்பூரில் ஒரு நிதி தொடங்கினார்கள். பொதுமக்கள் தரும் ஒவ்வொரு வெள்ளிக்கும் (டாலருக்கும்) அரசாங்கம் மூன்று வெள்ளி சேர்க்கிறது. குடிமக்களுக்கான நிதி அது, அதன் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கே உதவி கிடைக்கும். மருத்துவமனையின் மருத்துவச் சமூக சேவையாளரைக் கேளுங்கள். எந்த உதவிக்குத் தகுதி என்பதை அவர் உங்கள் குடும்ப நிலையைப் பார்த்துச் சொல்வார். நீங்களாக ‘நமக்குக் கட்டுப்படியாகாது’ என்று முடிவெடுத்துக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

கால் வளைவு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மருந்து ஓராண்டாவது ஒழுங்காகப் போன பிறகும் வளைவு நிற்குமானால், வளர்தட்டின் ஒரு பக்கத்தில் சிறு உலோகத் தகடு பொருத்தி அந்தப் பக்கத்தின் வளர்ச்சியை மட்டும் கொஞ்ச காலம் தடுத்துவைப்பார்கள். மறு பக்கம் வளர்ந்து காலைத் தானே நேராக்கும். பிறகு தகட்டை எடுத்துவிடுவார்கள். உங்கள் கணவருக்கு எலும்பை வெட்டி நேராக்கியிருப்பார்கள். இது அவ்வளவு பெரிய அறுவை அல்ல. ஆனால் வளர்ச்சி இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளாவது மீதமிருக்கும்போதுதான் இது பலிக்கும். எலும்பு மருத்துவரைப் பார்க்கப் பூப்பு வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

உங்கள் மாமியாருக்கு ஒரு சொல். இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அம்மா, உங்கள் மகனுக்கு நீங்கள் தினமும் ஒரு குடம் பால் கொடுத்திருந்தாலும் இது வந்திருக்கும். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. அவர் சாப்பிட்ட உணவில் பாஸ்பேட் இருந்தது, சிறுநீரகம் அதை வெளியே விட்டுவிட்டது. சாதாரண வைட்டமின் டி கொடுத்தாலும் ஆறாத ரிக்கெட்ஸ் ஒன்று இருக்கிறது என்பதை 1937இல் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். காரணமான ஃபெக்ஸ் மரபணு 1995இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதை அறியாத காலத்தில் பெற்று வளர்த்த நீங்கள் எதையும் தவறவிடவில்லை. உங்களுக்குக் கால் வளைவோ இதே நோயோ இல்லையென்றால், பெரும்பாலும் உங்கள் மகனிடம்தான் இந்த மாற்றம் முதன்முதலாகத் தோன்றியிருக்கும். தகப்பனிடமிருந்து மகனுக்கு இது வர வழியே இல்லை, ஆகவே உங்கள் கணவரின் குடும்பத்தையும் யாரும் குறை சொல்ல வேண்டாம்.

அதே கணக்குதான் சகோதரி, இரண்டாவது குழந்தைக்கும். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தகப்பன் தன் ஒரே எக்ஸை எல்லா மகள்களுக்கும் கொடுக்கிறார், மகனுக்கு ஒய்யைக் கொடுக்கிறார். உங்களுக்கு அடுத்து மகள் பிறந்தால் அவளுக்கும் இந்த நோய் இருக்கும், மகன் பிறந்தால் இருக்காது. உங்கள் மகள் வளர்ந்து தாயானால் கணக்கு மாறும். மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கருத்தரிப்பதற்கு முன்பே கணவரோடு மரபணு ஆலோசனைக்குப் போய் வாருங்கள். முடிவு உங்கள் இருவருடையது, வேறு யாருடையதும் அல்ல. மருத்துவனாக நான் சேர்த்துச் சொல்லக்கூடியது இது: தெரிந்தே பிறக்கும் பிள்ளைக்கு முதல் சில மாதங்களிலேயே சோதித்து, கால் வளையும் முன் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். ஒரு வயதுக்குள் தொடங்கிய பிள்ளைகள் தாமதமாகத் தொடங்கியவர்களைவிட நன்றாக வளர்கிறார்கள். பிறந்த சில வாரங்களில் இரத்தப் பாஸ்பேட் இயல்பாகவே இருக்கலாம். அதைப் பார்த்து ‘இல்லை’ என்று விட்டுவிடாமல் மரபணுச் சோதனையைக் கேளுங்கள்.

மகளின் பல்லைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, ஆனால் நான் சொல்லாமல் விட முடியாது. இந்த நோயில் பல்லின் உட்பகுதி சரியாகக் கெட்டிப்படாது. சொத்தை எதுவும் இல்லாத பல்லுக்கடியில் சீழ் கட்டும். ஈறில் பரு போல எழும்பினால் அன்றே காட்டுங்கள். பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவிடம் நோயின் பெயரைச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அடிக்கடி தலைவலி என்று சொன்னாலும் எலும்பு மருத்துவரிடம் அல்ல, உங்கள் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். மண்டையோட்டுப் பொருத்துகள் முன்கூட்டியே மூடிக்கொள்வது சிலருக்கு உண்டு.

வீட்டில் வாரந்தோறும் கதவு நிலையில் கோடு போட்டு அளப்பவரா நீங்கள்? அப்படியானால் விட்டுவிடுங்கள். காலையில் இருக்கும் உயரம் மாலையில் ஒரு செ.மீ. வரை குறையும். வாராவாரம் அளந்தால் இல்லாத ஏமாற்றம்தான் மிஞ்சும், அவளும் கவனித்துக்கொண்டிருப்பாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காலையில், ஒரே கெட்டியான முக்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, பிறகு நிற்கவைத்து அளந்து இரண்டு எண்களையும் எழுதுங்கள். ஒரு எண்ணை மட்டும் எழுதினால் எனக்கோ உங்கள் மருத்துவருக்கோ பயன்படாது.

அவள் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். “உன் காலும் வளர்கிறது. இந்த ஆண்டு மூன்று செ.மீ. வளர்ந்திருக்கிறது. எலும்புக்கு வேண்டிய ஒரு சத்து உன் உடம்பில் தங்க மாட்டேன் என்கிறது, அதற்குத்தான் மருந்து. அப்பாவுக்கும் அப்படித்தான்.” நாடாவில் மூன்று செ.மீட்டரைக் காட்டுங்கள், அவள் விரலால் தொட்டுப் பார்க்கட்டும். பெரியவளானால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் நல்ல உயரத்துக்கு வரலாம், ஆனால் கால் சற்றுக் குட்டையாகவே நிற்கக்கூடும். 14 வயதில் அவள் உங்களிடம் வந்து “அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள்?” என்று கேட்கும்படி வைக்கக்கூடாது. வகுப்பில் அவள் நாற்காலிக்குக் கீழே ஒரு கால்மணை போடச் சொல்லிக் கேளுங்கள். கால் தொங்கிக்கொண்டே மணிக்கணக்கில் உட்காருவது முதுகுக்கும் முட்டிக்கும் வலி, எழுத்துக்கும் இடைஞ்சல். சைக்கிள் வாங்கினால் இருக்கை உயரத்தைக் காலளவு பார்த்து வாங்குங்கள், வயதைப் பார்த்து அல்ல. அடுத்த தீபாவளிக்கு அளவுகளை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்த் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் கணவர். அவருடைய முட்டி வலியைத் தைலத்துக்கு விட்டுவிட்டீர்கள். இந்த நோய் வளர்ச்சி நின்றதோடு நிற்பதில்லை. பெரியவர்களுக்கு எலும்பில் நுண்ணிய விரிசல்கள் வரும், தசைநார் எலும்போடு சேரும் இடங்களில் சுண்ணாம்பு படிந்து மூட்டு இறுகும், பல் விழும், சிலருக்குக் காது மந்தமாகும். நாள் முழுதும் நிற்பவருக்குத் தொடையெலும்பில் விரிசல் இருந்தால் அது தானாக ஆறாது. பலதுறை மருந்தகத்தில் காட்டி, வளர்ந்தவர்களுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். மகளின் மரபணுச் சோதனை முடிவின் நகல் ஒன்றைக் கையில் கொண்டுபோகட்டும். தஞ்சாவூரில் யாரிடமாவது அவருடைய பழைய எக்ஸ்ரே படங்கள் இருந்தால் அவற்றையும் வரவழையுங்கள்.